செருப்புப் பையின் முடிச்சு

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு முடிச்சு.

ஒரு செருப்புப் பையின் கழுத்தில், என் கையால் நானே போட்ட முடிச்சு. வெள்ளிக்கிழமை மாலை போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அப்படியே இருந்தது. இதோ, அந்தப் பையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா? நீலப் பை, வெள்ளை நூல்.

அடடா, முன்வரிசையில் முகங்கள் சுருங்குகின்றன. வணக்கம் சொல்வதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டேன். மன்னியுங்கள். முறைப்படி மீண்டும் தொடங்குகிறேன்.

ஒரு சொல்லும் உதிர்க்காமல் ஒற்றைப் புருவத்தாலேயே இந்தச் சனிக்கிழமைப் போலந்துப் பள்ளியை ஆண்டுகொண்டிருக்கும் விழாத் தலைவர், தலைமையாசிரியை லுத்மிலா அம்மையார் அவர்களே! ஆசி வழங்க வந்த இடத்தில், கேக் வைத்திருக்கும் மேசையை விட்டுக் கண்ணெடுக்காத பாதிரியார் ஸெனோன் அவர்களே! சனிக்கிழமைத் தூக்கத்தைத் தமிழனும் சீனனும் துருக்கியனும் அனுபவிக்க விட்டுவிட்டு, விடியலில் எழுந்து வரும் ஆசிரியைகளே! முட்டைக்கோஸ் வயலிலும் காய்கறி கட்டும் கொட்டகையிலும் வாரமெல்லாம் முதுகு வளைத்துவிட்டு, இன்று முகம் கழுவி, முத்துமாலை பூட்டி, முதல் வரிசைக்கு முட்டி மோதிய தாய்மார்களே! காரை நிறுத்த இடம் தேடி இன்னும் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! இதே கட்டடத்தின் மறுபக்கத்தில் சனிக்கிழமைதோறும் போர்ச்சுக்கல் பள்ளி நடத்தும் லுர்தெஸ் ஆசிரியை அவர்களே! இந்த ஆங்கிலப் பள்ளிக் கட்டடத்தின் சாவிகளையும் எங்கள் உயிர்களையும் ஒரே வளையத்தில் மாட்டி வைத்திருக்கும் காலின் அவர்களே! அதோ மூலையில் முனை மழுங்கிச் சாய்ந்திருக்கும் ஆறடி அட்டைப் பென்சிலே! மாணவராகிவிட்டோம் என்பதற்கு அடையாளமாக அந்தப் பென்சில் தோளில் படக் காத்திருக்கும் முதல் வகுப்புச் செல்வங்களே! அனைவருக்கும் போக்னாவின் நடுங்கும் வணக்கம்.

என்ன கேட்கிறீர்கள்? யார் இந்த போக்னா என்றா? வெயில்வாசல் பேக்கரியில் உங்களுக்கு ரொட்டி மடித்துக் கொடுப்பவள்தான். நான்கு ஆண்டாக என் தலையின் உச்சியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஏனென்றால் நான் நிமிர்வதே இல்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். வகுப்பில் எழுந்து வாசி என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். மாவு என்னை வாசிக்கச் சொல்லாது. அதனால் மாவுக்குப் போனேன். அப்படிப்பட்டவள் இன்று இருநூறு பேர் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், யாரோ அவளைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். கட்டாயப்படுத்தினார்கள். அவர் மூன்றாவது வரிசையில், எங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில், ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். வயது ஏழு. என் தம்பி காய்தெக்.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன்.

நம் பள்ளிக்கு வரும் எந்தப் பிள்ளையும் வாசலில் ஷூவைக் கழற்றித் துணிச் செருப்புப் போடாமல் வகுப்புக்குள் கால் வைக்க முடியாது. வார்சாவில் இல்லாவிட்டால் என்ன, லிங்கன்ஷயரில் இருந்தால் என்ன, செருப்பு செருப்புதான்! காய்தெக்கின் செருப்புப் பையில் நாடா அறுந்துவிட்டது. கேக் பெட்டி கட்டும் நூலால் நான் கட்டினேன். அது எங்கள் கடை முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு செருகல், ஒரு இழுப்பு. இந்த ஊரில் அதைப் போடத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் என் முதலாளி. இன்னொருவர் நான்.

முதல் ஞாயிறு முடிச்சு அப்படியே இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தம்பி அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டான் என்று நினைத்துப் பூரித்தேன்! முதலாளியிடம் பெருமையடித்தேன்! இரண்டாம் ஞாயிறும் அப்படியே இருந்தது. என் விரலின் மாவுக் கறைகூட மாறவில்லை. பூரிப்பு புளித்தது. மூன்றாம் வெள்ளிக்கிழமை, முடிச்சின் மடிப்புக்குள் ஒரே ஒரு கசகசாவை வைத்து இறுக்கினேன். ஞாயிறு காலை பார்த்தால், கசகசா தூங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் என்ன பொருள்? பை திறக்கப்படவில்லை. பை திறக்கப்படவில்லை என்றால் செருப்பு போடப்படவில்லை. செருப்பு போடப்படவில்லை என்றால் வகுப்புக்குள் போகவில்லை. வகுப்புக்குள் போகவில்லை என்றால், பெரியோர்களே, மூன்று சனிக்கிழமையாக என் தம்பி எங்கே?

அம்மா, உட்காருங்கம்மா. முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டலாம். அத்தைகளே, அவர் தோளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

பள்ளியிலிருந்து ஏன் யாரும் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்கத் தேவை இருக்கவில்லை. பள்ளிக்கு ஒரு செய்தி போயிருந்தது. ‘காய்தெக்குக்குச் சின்னம்மை. நான்கு வாரம் வரமாட்டான். அன்புடன், குடும்பத்தார்.’ அழகான ஆங்கிலத்தில், அரைப்புள்ளி காற்புள்ளியோடு, நான் மாவு பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், என் கைபேசியிலிருந்தே, ஏழு வயது விரலால் போயிருந்தது. போலந்துப் பள்ளிக்குப் போலந்துக் குடும்பம் ஏன் ஆங்கிலத்தில் எழுதுகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. லுத்மிலா அம்மையார் இப்போது கூரையைப் பார்க்கிறார். பார்க்கட்டும், நல்ல கூரை.

நான்காம் சனிக்கிழமை முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டு, மாவு அப்பிய ஏப்ரனோடு அவன் பின்னால் போனேன். வாசலில் பளபளக்கும் மஞ்சள் சட்டை போட்டுக் காவல் நின்றவர் யார்? நம் யாத்விகா அத்தை. தம்பி அவருக்குக் கையசைத்தான். அத்தையும் கையசைத்தார். பிள்ளை உள்ளே போனான். செருப்பு மாற்றும் பெஞ்சைத் தாண்டினான். முதல் வகுப்புக் கதவைத் தாண்டினான். நடைவழி முழுவதையும் தாண்டி, விளையாட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பி, ஒரு கதவைத் திறந்து, அவன் வீடு போல உள்ளே நுழைந்தான்.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடுவில் என் தம்பி. ஏதோ மீன்களை எண்ணும் பாட்டு. பாடிக்கொண்டே நடுவில் ஒரு மீனை விட்டுவிட்டான். பிள்ளைகள் எல்லோரும் அந்த மீனின் பெயரைக் கத்தினார்கள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான், அவனே சிரித்தான், விட்ட மீனைப் பிடித்துக்கொண்டு மேலே பாடினான். போர்ச்சுக்கல் மொழியில்! சொந்த மொழியில் மூன்று மாதமாக ஒரு வாக்கியம் பேசாதவன், அந்நிய மொழியில் ஒரு கடலையே எண்ணுகிறான்!

வெளியே இழுத்து வந்தேன். நான் நம் மொழியில் கேட்டேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

“என்னடா பண்ற இங்க?”

“படிக்கறேன்.”

“நீ என்ன போர்ச்சுக்கல்காரனா?”

“இங்க யாரும் அப்படிக் கேக்கல. நீதான் மொதல்ல கேக்கற.”

“நம்ம பள்ளிக்கூடத்துல உனக்கு என்னடா குறைச்சல்? செருப்பு மாத்த சோம்பேறித்தனமா?”

“இல்ல.”

“அவங்க முட்டை கேக் குடுக்கறாங்களா?”

சின்னம்மையைத் தவிர வேறு பொய் சொல்லாத பிள்ளை. “குடுக்கறாங்க. ஆனா அதுக்காக இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“அங்க எனக்கு எல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கணும். இங்க தெரியாட்டிப் பரவால்ல.”

“தெரியாட்டி உன்னைப் பாத்து யாருடா சிரிக்கப்போறா?”

“நீதான்.”

பெரியோர்களே! மாவு அப்பிய கையோடு நான் நடைவழியில் நின்றேன். காய்தெக் சொன்னது உண்மை.

ஜூலை மாதம், நாட்காட்டியில் எங்கள் அம்மாவின் பெயர் வரும் பெயர்நாள். வீடு நிறைய விருந்தாளிகள். பாலாடைக் கேக்கை வெட்டுவதற்கு முன், தம்பியை நாற்காலியில் ஏற்றி வாழ்த்துச் சொல்லச் சொன்னோம். அவன் ஒரு வாரம் தயார் செய்திருந்தான். தொடங்கினான். நடுவில் நின்றான். மறுபடி தொடங்கினான். பாதி நம் மொழி, பாதி ஆங்கிலம், கடைசியில் இரண்டும் இல்லாத ஏதோ வந்தது. அப்போது ஒரு குரல் சொன்னது:

“ஏன்டி கிரஜினா, இங்கிலாந்துத் துரை உன் வீட்டுல குடியிருக்கறத நீ சொல்லவே இல்லையே! பாவம், துரைக்கு நாக்கு சுளுக்கிக்கிச்சு, எண்ணெய் போட்டு நீவி விடுங்கடி!”

யாத்விகா அத்தை, கைப்பைக்குள் எதையும் தேடாதீர்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரிகிறது. நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள். மறுநிமிடமே அவனுக்குப் பெரிய கேக் துண்டும் கொடுத்தீர்கள். வீடே சிரித்தது. எல்லோரையும் விட அதிகம் சிரித்தவள் யார்? நான். எழுந்து வாசிக்கச் சொன்னால் காய்ச்சல் வரும் நான்! அதோடு விட்டேனா? ஒரு வாரம் அவனைப் போலவே பேசிக் காட்டினேன். பேக்கரியில் ரொட்டி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அதோ, நான்காம் வரிசையில் இரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். அவர்களும் பார்த்தவர்கள்தான்.

அன்று நாற்காலியை விட்டு இறங்கிய பிள்ளை, அதன் பிறகு வீட்டில் நம் மொழிக் கேள்விக்கெல்லாம் ஒரே சொல்தான் பேசினான். சூப் வேண்டுமா? ஓகே. குளித்தாயா? ஓகே. கண்ணே, அம்மா மேல் கோபமா? ஓகே. ஒரு நாள் அம்மா எண்ணினார். பதினேழு ஓகே.

தாய்மார்களே, என் அம்மாவின் ஆங்கிலத்தை நீங்கள் அறிவீர்கள். கொட்டகையில் கற்றது. மொத்தம் நான்கு சொற்கள். ஸ்பீடு. பாக்ஸ். ஸ்டாப். ஃபினிஷ். முட்டைக்கோஸுக்கு அது போதும். ஆகஸ்டில் ஒரு நாள் தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து வந்தான். முட்டி கிழிந்து, மூக்கு ஒழுகி, எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தேன், யார் தள்ளினார்கள் என்று அழுதுகொண்டே ஆங்கிலத்தில் கொட்டினான். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவனை மடியில் போட்டுக்கொண்டு, அவன் மொழியில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி ஆற்றினார். “ஃபினிஷ், கண்ணு. ஃபினிஷ், ஃபினிஷ்.”

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. நம் மொழி அந்தப் பிள்ளையின் வாயை விட்டுப் போய்விட்டால், அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் மிஞ்சுவது எது? நான்கு சொற்கள். அவற்றில் கடைசிச் சொல், ஃபினிஷ்.

எங்கே விட்டேன்? ஆம், நடைவழியில். நேரே லுத்மிலா அம்மையாரிடம் போனேன். இடி விழும் என்று நினைத்தேன். அம்மையார் எழுந்தார், நடந்தார், அந்தக் கண்ணாடி வழியாக அவரும் எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதில் கேட்டார்:

“போக்னா, அவங்க நாற்காலிய வட்டமா போட்டிருக்காங்களே... காலினுக்குத் தெரியுமா?”

சிரிக்கிறீர்களா! நம்மவர்களுக்குத்தானே தெரியும் அந்தச் சிரிப்பின் விலை. ஒன்பது ஆண்டாக இந்தக் கட்டடத்தில் ஒரு மேசையை ஒரு விரல்கடை நகர்த்தியிருக்கிறோமா? காலையில் வந்ததும் வகுப்பறையைப் படம் பிடிக்கிறோம். மதியம் போகும்போது படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு பென்சிலையும் அது கிடந்த கோணத்திலேயே கிடத்துகிறோம். திங்கட்கிழமை புகார் வந்தால் வெளியேற்றிவிடுவார்கள் என்று பிள்ளைகளை மூச்சுவிடாமல் உட்காரவைக்கிறோம். இத்தனைக்கும் காலின் நம்மிடம் ஒருமுறையாவது அப்படிச் சொல்லியிருக்கிறாரா? நாம் கேட்டதே இல்லை! லுர்தெஸ் ஆசிரியை கேட்டார். ‘நாற்காலியைத் திருப்பலாமா?’ ‘திருப்புங்களேன்.’ அவ்வளவுதான், முடிந்தது.

அம்மையாரும் அன்றே போய்க் கேட்டார். கையில் ஒரு முழக் கசகசா ரொட்டியோடு கேட்டார். காலின் ரொட்டியை வாங்கிக்கொண்டு, எதற்கு இது என்று புரியாமல் விழித்தார். அவருக்கு நம் மொழி தெரியாது, இப்போதும் விழிக்கிறார் பாருங்கள். காலின், கவலை வேண்டாம், எல்லாம் நல்லதாகவே பேசுகிறேன்!

சென்ற சனிக்கிழமை முதல் நம் முதல் வகுப்பிலும் நாற்காலிகள் வட்டமாகிவிட்டன. ஆனால் அந்த வட்டத்தில் ஒரு நாற்காலி காலி. தம்பி வரவில்லை. “லுர்தெஸ் வகுப்புலயே இருக்கட்டும். வற்புறுத்தாதே. ஆனா பென்சில் விழாவுக்கு அவன் வாயால ஒரு வரி சொல்லியாகணும். அதை நான் மாத்த முடியாது” என்றார் அம்மையார். அந்த ஒரு வரியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான் இன்னார், இந்தப் பள்ளியின் மாணவன். நம் மொழியில், சொந்தக் குரலில். சொன்னால் பென்சில் தோளில் படும். சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு. அடுத்த ஆண்டு அவன் வாயில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவோ, மகன் பென்சில் வாங்கப்போவதைக் கொட்டகை முழுக்கச் சொல்லிவிட்டு, இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறார்.

தம்பியிடம் கெஞ்சினேன். அவன் ஆங்கிலத்தில் பேரம் பேசினான்.

“வரேன். ஆனா மொதல்ல நீ ஏறணும்.”

“எங்கடா?”

“மேடைல. நீ சிரிச்சதை எல்லார் முன்னாடியும் சொல்லணும். அப்புறம் லுர்தெஸ் டீச்சருக்கு அவங்க பாஷைல நன்றி சொல்லணும். நான் சொல்லித் தரேன்.”

“எனக்குத் தப்பா வருமேடா!”

“தெரியும். அதுக்குத்தான்.”

தாய்மார்களே, தந்தைமார்களே! நான் படிக்காதவள். எனக்குத் தெரிந்தது மாவு மட்டும். பிசையும்போது குத்தலாம், புரட்டலாம். ஆனால் உப்பி வரும் நேரத்தில் கதவைத் திறந்து கேலி பேசினால் அது அமுங்கிப்போகும். இந்த ஊருக்கு நாம் வந்த புதிதில் நம் நாக்கு எப்படி இருந்தது? யாத்விகா அத்தை அடைத்துக்கொண்ட தொட்டிக்கு, அழுத்தி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணம் வாங்கப் போனார். பெயர் தெரியாமல் கடை நடுவில் நின்று இரண்டு கையாலும் மேலும் கீழும் அழுத்திக் காட்டினார். அவர்கள் சைக்கிள் பம்பைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பம்பு இன்றும் அவர் சமையலறையில் தொங்குகிறது. நாம் நூறு முறை சிரித்த கதைதான். ஆனால் அத்தை ஒரு முறை எனக்கு மட்டும் சொன்னார், அன்று பேருந்தில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் நடந்தே வீடு வந்தாராம். ஆறு மைல். கையில் பம்பு.

கடைக்காரன் சிரித்தபோது நமக்கு வலித்ததா இல்லையா? தபால் அலுவலகத்தில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்களே, அப்போது வலித்ததா இல்லையா? வெளியே வாங்கிய அந்தச் சிரிப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, நம் மடியில் பிறந்ததற்கே திருப்பிக் கொடுக்கலாமா? தப்பாகப் பேசட்டும்! தடுக்கிப் பேசட்டும்! பாதியில் நிற்கட்டும், பக்கத்து மொழியில் கடன் வாங்கட்டும், ஒரு மீனை விடட்டும், ஒன்பது மீனையும் விடட்டும்! பேசட்டும்! பேசுகிற வாயில்தான் மொழி குடியிருக்கும். மூடிய வாயை எத்தனை சனிக்கிழமை கொண்டுவந்து இங்கே உட்காரவைத்தாலும், நாம் காப்பாற்றியது செருப்பை மட்டும்தான்!

கை தட்டாதீர்கள், இன்னும் பேரம் முடியவில்லை. முதல் பாதியை நிறைவேற்றிவிட்டேன். காய்தெக், நான் சிரித்தேன், தப்பு என்னுடையது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இப்போது இரண்டாம் பாதி. லுர்தெஸ் ஆசிரியை, உங்களுக்காக.

முய்த்து... முய்த்து ஒப்ரி... ஒப்ரிகாலா... இல்லை. ஒப்ரி...

சிரியுங்கள், சிரியுங்கள், அடக்காதீர்கள்! பாதிரியாரும் சிரிக்கிறார். லுர்தெஸ் ஆசிரியை கைக்குட்டையைக் கடிக்கிறார். அட, மூன்றாம் வரிசையில் யாரோ எழுந்து நின்று கத்துகிறார்கள். என்னடா? ஒப்ரிகாடா? ஒப்ரிகாடா! முய்த்து ஒப்ரிகாடா!

அம்மா, அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டீர்களா? “அவசரப்படாம சொல்லுக்கா!” அதை எந்த மொழியில் சொன்னான் என்று கவனித்தீர்களா? கவனித்தீர்கள். அழாதீர்கள், முத்துமாலை நனையும்.

ஒரு தப்பான வார்த்தை வந்து சேரும்வரை பொறுமையாகக் காத்திருந்த உங்கள் காதுகளுக்கு என் நன்றி. வட்டமாகத் திரும்பிய நாற்காலிகளுக்கு நன்றி. இங்கே கூடியிருக்கும் எல்லா நாக்குகளுக்கும், சுளுக்கியது உட்பட, என் பணிவான வணக்கம்.

அவன் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டான். காலில் இன்னும் ஷூ. ஷூவோடு மேடை ஏறக்கூடாது. லுத்மிலா அம்மையார், இந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சை அவிழ்க்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.